வாசலில் சொல்லும் ஓம்

முதலாவது தேர்தல் முடிந்த மறுநாள் காலையில் நானும் என் கணவரும் ஸ்காபரோவின் தெருக்களில், அவருடைய பெயர் எழுதிய பலகைகளைப் பிடுங்கிக்கொண்டு திரிந்தோம். வாக்களிப்பு முடிந்த சில நாட்களுக்குள் வேட்பாளரே தம் பலகைகளை அகற்றிவிட வேண்டும் என்பது மாநகரின் விதி. நாட்டுவதற்கு வந்த இளைஞர்களில் ஒருவரும் பிடுங்குவதற்கு வரவில்லை. இரவு பெய்த மழையில் புற்றரை இளகிக் கிடந்தது. கம்பிக் கால்கள் இலகுவாகவே கழன்று வந்தன. 'ரொறன்ரோ மாநகர முதல்வர் பதவிக்கு' என்று ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதிய அந்தப் பலகைகளை, வாகனத்தின் பின்பகுதியில் ஒன்றன்மேல் ஒன்றாக, விளிம்பு பிசகாமல் அவர் அடுக்கினார். களஞ்சியத்தில் பெட்டி அடுக்கிப் பழகிய கை.

ஒரு வீட்டின் முன்னால் அவர் நின்றுவிட்டார். கையகலப் புற்றரையில் மூன்று பலகைகள் நின்றன. நடுவில் நின்றது அவருடையது. இருபுறமும் நின்றவை அவரை எதிர்த்துப் போட்டியிட்ட இருவருடையவை. இடுப்பில் கட்டிய சாரத்தின்மேல் குளிர்ச்சட்டையை மாட்டிக்கொண்டு வீட்டுக்காரர் ஓடி வந்தார்.

"அண்ணை, நீங்கள் ஏன் கஷ்டப்படுறியள்? ஒரு ஃபோன் கோல் அடிச்சிருந்தா நானே கழட்டி வச்சிருப்பனே."

"அது பரவாயில்லைத் தம்பி. உதென்ன, மூண்டு சைன் நிக்குது?"

"அவையளும் வந்து கேட்டவை அண்ணை. வாசலுக்கு வந்த ஆக்களுக்கு எப்பிடி மாட்டன் எண்டு சொல்லுறது?"

"நான்தானே முதல் வந்தனான்?"

"ஓமண்ணை. அதாலதான் உங்கட சைனை நடுவில விட்டனான்."

"அப்ப வோட் ஆருக்குப் போட்டனீர்?"

"எனக்கு இன்னும் சிற்றிசன் கிடைக்கேல்லை அண்ணை. கிடைச்சிருந்தா சத்தியமா உங்களுக்குத்தான்."

"அதை அண்டைக்கே சொல்லியிருக்கலாமே!"

"நீங்கள் கேக்கேல்லையே. சப்போர்ட் பண்ணுவீரோ எண்டுதானே கேட்டனீங்கள்? சப்போர்ட் இப்பவும் இருக்கு. உள்ளுக்கு வாங்கோ, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்."

என் கணவர் வாய்விட்டுச் சிரித்தார். தேநீரும் குடித்தார். பிறகு நெடுஞ்சாலையில் ஏறி, மாநகரின் கிழக்கு விளிம்பிலிருந்து மேற்கு விளிம்பிலுள்ள ரெக்ஸ்டேலுக்கு வந்து சேரும்வரை பின்கண்ணாடியில் தெரிந்த பலகைகளையே அடிக்கடி பார்த்துக்கொண்டு வந்தார்.

அவர் அரசியல்வாதி அல்லர். அகதியாக வந்த புதிதில், அயல் நகரான பிறம்ரனில் குளிரூட்டிய உணவுப் பொருள்களைக் கடைகளுக்கு அனுப்பும் ஒரு நிறுவனத்தில் பெட்டி ஏற்றும் வேலைக்குச் சேர்ந்தார். முப்பது ஆண்டுகளில் அதன் துணைத் தலைவராக உயர்ந்தார். எந்தப் பாரவண்டி எந்தக் கதவுக்கு எத்தனை மணிக்கு வரவேண்டும் என்பதை ஒழுங்கு செய்வதே அவருடைய வாழ்நாள் வேலை. அவர் பேச்சில் உவமை ஒன்று வந்தாலும் அது வண்டியாகத்தான் இருக்கும்.

அவரை இந்த ஆசைக்குள் இழுத்து விட்டது ஒரு பேருந்துத் தரிப்பிடம். ரெக்ஸ்டேலில் எங்கள் வீட்டுக்கு அண்மையில் இருக்கும் அதில்தான் அவர் அந்நாளில் விடியுமுன் நிற்பார். நகர எல்லையில் வேறொரு பேருந்துக்கு மாற வேண்டும். இவர் இறங்குவதற்குச் சற்று முன்னரே அந்தப் பேருந்து புறப்பட்டுவிடும். மீதித் தூரத்தைப் பனியில் நடப்பார். துணைத் தலைவராகிச் சொந்த வாகனத்தில் போகத் தொடங்கிய பின்னும், அதே தரிப்பிடத்தில் தம் நிறுவனத்துத் தொழிலாளர் கூனிக் குறுகி நிற்பதைக் கண்டார். "ரெண்டு வண்டியின்ர நேரத்தைப் பொருத்துறது ஒரு விடியக்காலமை வேலை," என்று சாப்பாட்டு மேசையில் சொல்லுவார். "உதைச் செய்ய ஒருத்தருக்கும் மனமில்லை." மாநகரசபைக்குக் கடிதங்கள் எழுதினார். நன்றி தெரிவித்துப் பதில்கள் வந்தன. அதன் பிறகே, முதல்வர் பதவிக்குத் தாமே நிற்பதென்று முடிவு செய்தார். உறுப்பினராக நின்று பார்க்கலாமே என்று மகள் கேட்டாள். "டிரைவரோட கதைச்சு என்ன பிள்ளை, வண்டியை அனுப்புற டிஸ்பாச்சரோட எல்லே கதைக்க வேணும்," என்றார்.

அலுவலகத்தில் அவர் கேட்கும் கேள்விகள் குறுகியவை. நாளைக்கு அனுப்ப முடியுமா? முடியும் என்று பதில் வந்தால் வண்டி புறப்படும். முடியாது என்று வந்தால் வேறு வழி தேடுவார். ஒரு விடையை விடையாகவே எடுத்துக்கொள்ளும் இந்தப் பழக்கத்தோடுதான் அவர் நம்மவர்களின் வாசல்களுக்குப் போனார்.

வாசலுக்கு வாசல் போவதில் நானும் உடன் சென்றேன். பெண்கள் கதவைத் திறந்தால் நான் பேச வேண்டும் என்பது ஏற்பாடு. பேசுவதற்குத் தேவையே ஏற்படவில்லை. இவர் யாரென்று அறிந்ததும் உள்ளே ஒரு குரல் போகும். வீட்டுக்காரர் சட்டைப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு வருவார். இருக்கையில் குவிந்து கிடந்த துவைத்த துணிகள் அள்ளி அகற்றப்படும். "எங்கட ஆள் ஒருத்தர் வரத்தான் வேணும் அண்ணை." "ஓமோம், எங்கட வீட்டில எல்லா வோட்டும் உங்களுக்குத்தான்." பேருந்தைப் பற்றி அவர் விளக்கத் தொடங்குவார். வாசலில் இரண்டு வாகனங்களை நிறுத்தி வைத்திருக்கும் அந்த மனிதர் ஒவ்வொரு வசனத்துக்கும் ஓம் என்பார். தேநீர் வரும். சில வீடுகளில் தட்டில் பொரித்த பற்றீசும் வரும்.

வாகனத்தில் ஏறியதும் கைத்தொலைபேசியில் அந்த வீட்டின் இலக்கத்துக்கு நேரே பச்சை நிறத்தைத் தட்டிவிடுவார். தயங்குபவர்களுக்கு மஞ்சள், மறுப்பவர்களுக்குச் சிவப்பு. எங்கள் தெருக்கள் எல்லாம் பச்சையாகவே இருந்தன. பரப்புரைக்குப் பொறுப்பாயிருந்தவர் காப்புறுதி முகவரான ஒரு தம்பி. அவர் அந்தத் திரையைப் பார்த்து, "அண்ணை, உப்பிடி ஒரு ரிசல்ட்டை நான் என்ர சேர்விஸில கண்டதேயில்லை," என்றார். அது அவருக்கும் முதலாவது தேர்தல்.

எனக்கு அந்தப் பச்சையில் நம்பிக்கை இல்லை. நானும் அந்த வாசல்களுக்கு உட்புறம் வளர்ந்தவள். நம்மிடையே ஒருவர் வாசலுக்கு வந்து கேட்கும்போது 'இல்லை' என்று சொல்வது பகையாகிவிடும். கேட்பவர் முகம் வாடாமல் திரும்பிப் போக வேண்டும் என்பதே வீட்டாரின் முதற் கவலை. கேட்டதைச் செய்வதா என்பதை அவர் போன பிறகு ஆறுதலாக யோசிக்கலாம். இதில் வஞ்சகம் சிறிதும் இல்லை. ஓம் என்றவர்கள் எல்லாரும் அந்தக் கணத்தில் மனமார ஓம் என்றவர்களே. இதை வாகனத்தில் அவருக்கு எப்படி எடுத்துச் சொல்வது? ஓரிரு முறை தொடங்கினேன். "நீர் எல்லாத்திலயும் குறைதான் பாப்பீர்," என்று சிரித்துக்கொண்டே அடுத்த தெருவுக்குத் திருப்பினார்.

வாக்களிப்புக்கு முந்திய வாரம் ஒரு விருந்து மண்டபத்தில் கூட்டம் வைத்தோம். மண்டபம் கொள்ளாத சனம். சுவரோரம் நின்றார்கள். மேடையில் நின்ற என் கணவரின் முகத்தில் அன்று கண்ட ஒளியை எங்கள் திருமணத்திலும் நான் கண்டதில்லை. சாப்பாட்டு வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஒரு பெண் திரும்பி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, என்ர மகளின்ர அரங்கேற்றத்துக்கு அண்ணை வந்து கடைசிமட்டும் இருந்தவரெல்லே. மாமா செத்தபோதும் வந்தவர். நாங்கள் வராமல் விடுவமே?"

"எவ்வளவு தூரத்தில இருந்து வந்திருக்கிறியள்?"

"அஜக்ஸில இருந்து. வீடு வாங்கிக்கொண்டு போயிட்டமெல்லே. எங்களுக்கு இந்த எலெக்சனில வோட் இல்லை அக்கா, அது வேற சிற்றி. எண்டாலும் முகத்தைக் காட்டிப்போட்டு வாறதுதானே மரியாதை?"

நான் மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தேன். கண்ணிற்பட்ட குடும்பங்களை ஒவ்வொன்றாக எண்ணத்தில் அவரவர் வீட்டில் கொண்டுபோய் விட்டேன். அஜக்ஸ், பிறம்ரன், மீண்டும் அஜக்ஸ். மாநகரின் எல்லைக்குள் வீட்டு விலை ஏறியபோது நம்மவர் மெல்ல மெல்ல எல்லையைக் கடந்துவிட்டிருந்தனர். முப்பது ஆண்டுகளாக அவர் தவறாமல் போய்வந்த மரணச் சடங்குகளுக்கும் பூப்புனித விழாக்களுக்கும் அன்று எல்லாரும் பதில் செய்ய வந்திருந்தார்கள். செய்தும் விட்டார்கள். அவர்களைப் பொறுத்தவரை கடமை அந்த மண்டபத்திலேயே நிறைவேறிவிட்டது.

காப்புறுதித் தம்பியைக் கண்டு சொன்னேன். "அன்ரி, சனம் வந்திருக்கு, உதைப் பாருங்கோ," என்றார். "வோட்டைப் பற்றிப் பிறகு பாப்பம்."

அந்தத் தேர்தலில் அவர் பெற்ற இடத்தைத் தொலைக்காட்சி சொல்லவேயில்லை. திரையின் அடியில் பெயர்கள் ஓடின. அவருடைய பெயர் ஓடி மறைந்த பிறகுதான் அது அவருடையது என்று எங்களுக்கு உறைத்தது.

பதவி இடையில் வெற்றிடமானபோது மீண்டும் நின்றார். முதல்முறை விடுமுறை கொடுத்த நிறுவனம் இம்முறை வேலை, தேர்தல் இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்யும்படி பண்பாகக் கேட்டது. அவர் தேர்தலைத் தெரிவு செய்தார். எனக்கு அதைச் சொன்னது பிரியாவிடைக்கு அவர்கள் கொடுத்த பூச்செடியோடு வீட்டுக்கு வந்த பிறகுதான்.

அந்தக் கோடையில் வேட்பாளர்கள் மிகப் பலர். வாக்குச்சீட்டை விரித்தால் மேசை போதாது என்று மகள் சிரித்தாள். முன்னணியில் இருந்த சிலரை மட்டும் அழைத்து ஒரு விவாதம் நடத்தினார்கள். அழைப்பில்லாத என் கணவர் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு என்னோடு பார்வையாளர் வரிசையில் போய் உட்கார்ந்தார். கேள்வி கேட்கலாம் என்றதும் கையை உயர்த்தினார். நடத்துநர் முன்வரிசைக்கு ஒலிவாங்கியைக் கொடுத்தார், பிறகு இடப்புறத்துக்கு, பிறகு மாடத்துக்கு. இவர் கை இறங்கவில்லை. அருகிலிருந்த நான் அந்த முழங்கையைத் தாங்கிப் பிடிப்பதா, மெல்ல இறக்கிவிடுவதா என்று தெரியாமல், என் கைப்பையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். விவாதம் முடிந்து மக்கள் எழுந்தபோதும், வெளியேறுவதற்கு வழிகேட்பவரைப்போல அவர் கையை உயர்த்தியபடியே இருந்தார்.

இரண்டாம் முறையும் தோற்றார். முதல்முறையைவிடக் குறைந்த வாக்குகள். மறுநாட் காலையிலிருந்து தொலைபேசி ஓயவில்லை. அழைத்த ஒவ்வொருவரும் "அண்ணை, நான் உங்களுக்குத்தான் போட்டனான்," என்றார்கள். பிறம்ரனிலிருந்து அழைத்தவரும் அதையே சொன்னார். மாலையில் வீட்டுக்கு வரத் தொடங்கினார்கள். அடுப்பு மூட்டாத வீட்டுக்குக் கொண்டுவருவதைப்போல இடியப்பமும் சொதியும் கொண்டுவந்தார்கள். ஆண்கள் முன்னறையில் இவரைச் சுற்றி அமர்ந்து தாழ்ந்த குரலில் பேசினார்கள். ஒருவர் எழும்போது மற்றொருவர் அந்த இருக்கைக்கு வந்தார். மகள் சமையலறைக்குள் என்னிடம் வந்தாள்.

"அம்மா, திஸ் இஸ் லைக் எ ஃபியூனரல். அப்பா உயிரோட தானே இருக்கிறார்? ஆராவது அவையளுக்குச் சொல்லுங்கோவன்."

நான் கோப்பைகளை அடுக்கினேன். முன்னறையில் என் கணவர் வந்தவர்களின் கையைப் பற்றி, அவர்களுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு வந்த ஆண்டுகளை எப்படி எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை. பகலில் வீட்டில் இருந்து பழகாத மனிதர். குளிர்சாதனப் பெட்டிக்குள் இருந்தவற்றைக் காலாவதி நாளின்படி வரிசைப்படுத்தினார். எனக்குப் பால் எங்கே இருக்கிறதென்று தெரியாமற் போயிற்று. காலையில் அந்தப் பேருந்துத் தரிப்பிடத்துக்கு நடந்து போய் நின்றுவிட்டு வருவார். பேருந்தில் ஏறுவதில்லை. அங்கே நிற்பவர்கள் பஞ்சாபிகள், சோமாலியர், அண்மையில் வந்த நம்மவர் சிலர். "இப்பவும் அதே கதைதான்," என்று திரும்பி வந்து சொல்லுவார். அது உண்மை. அவர் சொன்னவற்றில் எதுவும் பொய்யில்லை. நேரங்கள் இன்றும் பொருந்தவில்லை. பொருத்தத் தெரிந்த ஒருவர் என் வீட்டில் தேநீர் ஆற்றிக்கொண்டிருக்கிறார். அவரைக் கொண்டுபோய் முதல்வர் நாற்காலியில் இருத்தவும் என்னால் முடியாது. அந்த ஆசையிலிருந்து இறக்கிவிடவும் முடியாது.

இந்த ஆண்டு மீண்டும் தேர்தல். வேட்புமனு ஏற்கத் தொடங்கிய செய்தி வந்த அன்று, சாப்பாட்டு மேசையில் அவர் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"இஞ்சேரும், நிக்கட்டோ?"

முன்னைய இரு முறையும் அவர் என்னைக் கேட்கவில்லை; அறிவித்தார். இம்முறை கேட்டார். இன்னொரு தோல்விக்குப் பிறகு இந்த மனிதரில் எவ்வளவு மிஞ்சும் என்ற அச்சம் பல மாதங்களாக என்னிடம் இருந்தது. ஆதலால் சொன்னேன்.

"வேண்டாம். சனம் உங்களுக்குப் போடாது."

"ஆர் உமக்குச் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. ஒருத்தரும் சொல்லவும் மாட்டினம். முகத்துக்கு நேரை ஓம் எண்டுதான் சொல்லுவினம். அந்த ஓமை நீங்கள் வோட் எண்டு நினைச்சீங்கள்."

வருந்துவார் என்று எதிர்பார்த்தேன். ஒரு பழுதின் இடத்தைக் கண்டுபிடித்த பொறியியலாளனுக்கு வரும் மலர்ச்சி அந்த முகத்தில் வந்தது.

"உதைத்தானே நான் ரெண்டு முறையும் விட்டிட்டன்! பிழையான டேட்டாவை வச்சுக்கொண்டு எப்பிடி வெல்லுறது? உமக்கு அவையின்ர முகம் விளங்குதெல்லே. இந்தமுறை நீர்தான் எனக்கு மனேஜர். நான் கதைக்கிறன். வெளியில வந்தாப்பிறகு, அந்த ஓம் மெய்யோ பொய்யோ எண்டு நீர் சொன்னாச் சரி."

"நான் சொன்னது உங்களை நிக்க வேண்டாம் எண்டு."

"ஓமோம், அது விளங்குது," என்றார். எழுந்து குளிர்ச்சட்டையை எடுத்தார்.

ஆகவே இந்த வைகாசியில் நாங்கள் மீண்டும் வாசல்களில் நிற்கிறோம். சென்ற சனிக்கிழமை முதல் வீட்டில் ஓர் இளம் தாய் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "கட்டாயம் அங்கிள்," என்றாள். வாகனத்தில் ஏறியதும் அவர் என் பக்கம் திரும்பினார். நான் "இல்லை" என்றேன். சிவப்பைத் தட்டினார். அடுத்த வீட்டுக்காரர் எங்களை வாசலிலிருந்து தெருவரைக்கும் கொண்டுவந்து விட்டார். "இல்லை." சிவப்பு. மூன்றாவது வீட்டில் கேக் தந்தார்கள். "இல்லை." அவர் சோரவில்லை. தெரு முழுவதும் சிவந்து வர வர, இறுதியில் கணக்குச் சரியாக வருகிறது என்ற நிறைவு அவருக்கு வந்தது. என்னுடைய குரல்தான் ஒவ்வொரு வீட்டுக்கும் சற்றுத் தாழ்ந்துகொண்டு போயிற்று.

தெருவின் கடைசியை அண்டிய ஒரு வீட்டில் வயதான ஒருவர், கதவுச் சங்கிலியைக் கழற்றாமலே, இடைவெளியூடாக, "போடுவம், போடுவம்," என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். வாகனத்துக்குத் திரும்பினோம். அவர் வழமைபோலத் திரும்பி என்னைப் பார்த்தார். கண்ணாடிக்குள் அந்தக் கண்கள் களைத்துச் சிவந்திருந்தன. சட்டைக் கழுத்து அவருக்குத் தளர்ந்துவிட்டதை அப்போதுதான் கவனித்தேன்.

"ஓம்," என்றேன். "இந்தாள் போடும்."

அவர் கைத்தொலைபேசியை எடுத்தவர் உடனே தட்டவில்லை. என் முகத்தை நிதானமாகப் பார்த்தார். இத்தனை வாசல்களில் நின்று பார்க்கத் தவறியதை இப்போது பார்ப்பவரைப்போலப் பார்த்தார்.

"சரி," என்று சொல்லிச் சிவப்பைத் தட்டினார். பிறகு கதவைத் திறந்து இறங்கி, அடுத்த வீட்டின் படியை நோக்கி நடந்தார். நான் துண்டுப் பிரசுரங்களை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன்.